ஷெட்டில் பாதி

ஜெனி கண்ணு,

அன்றைக்கு நீ போனில் கேட்டதற்கு, "தழ வெட்டணும் கண்ணு, அப்புறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மல்பெரித் தழை விடிகாலையிலேயே வெட்டியாகிவிட்டது. கட்டுக்கட்டாக ஈரச்சாக்கு போர்த்தி ஷெட்டு வாசலில் கிடந்தது. உன் அம்மா அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். நான் போனை வைத்ததும் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தி, அதோடு போயிருக்கும். "புள்ளகிட்ட பொய் சொல்றதுக்குத் தழதான் கெடச்சுதா உங்களுக்கு" என்று மட்டும் கேட்டுவிட்டு, ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதிலிருந்து நீயும் என்னைக் கூப்பிடவில்லை, நானும் உன்னைக் கூப்பிடவில்லை. அம்மாவிடம் பேசுகிறாய் என்று தெரியும். போன் அடித்தால் நான் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுகிறேன். அதுவும் உனக்குத் தெரிந்திருக்கும்.

ஞாயிறு பூசையில் அத்தனை பேர் முன்னால் நின்று வாசகம் வாசிக்கிறவன் நான். மைக்கில் தடுமாறாத வாய் உன்னிடம் மட்டும் தடுமாறுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நல்ல பெயர் வாங்கலாம் என்று எழுதவில்லை, படித்து முடிக்கும்போது என் மேல் கோபம் கூடினாலும் கூடட்டும். நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், உன்னிடம் சொல்லாமல் விட்டதையும், ஊரிடம் நான் சொல்லிவைத்ததையும் ஒழுங்காகச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் என் பதிலுக்கு மரியாதை இருக்காது.

நீ அன்றைக்குச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். பட்டுப்புழு வளர்ப்பில் மேல்படிப்புக்கு விசாரித்தாயாம். நீ படித்திருப்பது கம்ப்யூட்டர் இஞ்சினியரிங், அந்த டிகிரியை வைத்துக்கொண்டு இந்தப் படிப்புக்கு விண்ணப்பமே போட முடியாது என்று பல்கலைக்கழக ஆபீஸில் ஒரு அம்மா சொல்லிவிட்டார்களாம். சரி, பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை வைத்து மறுபடி முதலிலிருந்து படிக்கலாமா என்று கேட்டாயாம். வயது தாண்டிவிட்டது என்றார்களாம். "ரெண்டு பக்கமும் கதவ சாத்திட்டாங்கப்பா" என்று நீ சொன்னபோது, பெங்களூரில் உன் பின்னால் பஸ் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம்தான் அதைக் கேட்டாய். "படிப்பு போனா போவுதுப்பா. வேலய வுட்டுட்டு வர்றேன். ஷெட்ல பாதி எனக்குக் குடுப்பீங்களா? என் கணக்குல ஒரு பேட்ச் வளத்துப் பாக்கறேன்." இதற்குத்தான் நான் தழையைக் காட்டித் தப்பித்தேன்.

அந்த நொடியில் என் மனதுக்குள் முதலில் என்ன ஓடியது என்று மறைக்காமல் சொல்கிறேன். மகள் வரப்போகிறாளே என்ற சந்தோஷம் ஓடவில்லை. ஒரு பேட்ச் கெட்டுப்போனால் என்ன செய்வாள் என்ற பயமும் அப்போது வரவில்லை, அது பிறகுதான் வந்தது. முதலில் ஓடியது, இஞ்சினியர் படித்த பெண் பட்டுப்பூச்சிக்குத் தழை போட வந்துவிட்டாள் என்று ஊரில் பேசுவார்களே என்பதுதான். உன்னை இந்தக் கதிக்குக் கொண்டுவந்ததும் இதே எண்ணம்தான் கண்ணு. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். இத்தனை வருஷம் கழித்தும் என் வால் எப்படி இருக்கிறது பார்.

நீ பிறந்த வருஷம்தான் நாம் ராகியை விட்டுவிட்டு மல்பெரி போட்டோம். நம் வீட்டுக்கு ஓடு போய் தளம் வந்தது பூச்சியால். கோயிலில் நீ முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்குத் தைத்த வெள்ளைக் கவுன் பூச்சியால். நீ போய்வந்த பள்ளிக்கூட வேன் பூச்சியால். பூச்சி பெரிதாகும் நாட்களில் நம் வீட்டில் மிளகாய் வறுக்க மாட்டோம், ஊதுபத்தி கொளுத்த மாட்டோம், உன் அம்மா பவுடர்கூடப் போட மாட்டாள். சொந்தக்காரர் யாராவது வந்தால் கேட்டுக்கு அந்தப் பக்கமே நிறுத்தி நலம் விசாரித்து அனுப்புவோம். என் சொந்தத் தங்கை நிச்சயதார்த்தத்துக்கே நான் கடைசிப் பந்திக்குத்தான் போனேன், பூச்சி கூடு கட்டுகிற நாள் என்பதால். இவ்வளவு பயபக்தியாக ஒரு தொழிலைச் செய்கிறவன் அதை வெளியே சொல்ல வெட்கப்படுவான் என்று யாராவது நினைப்பார்களா? நான் வெட்கப்பட்டேன். தருமபுரிக்குக் கூடு கொண்டுபோகும்போதுகூட, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் கேட்டால் விவசாயம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். நெல்லா கரும்பா என்று மேற்கொண்டு கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

உனக்கு அந்த வெட்கம் இருந்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் உன்னைப் "பூச்சி ஜெனி" என்று கூப்பிடுகிறார்கள் என்று நீயே வந்து சிரித்துக்கொண்டு சொன்னாய். எனக்குத்தான் சுருக்கென்றது. போய் டீச்சரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தேன். நீ அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை, உன் மானத்தை நான் வாங்கிவிட்டேன் என்று. ஷெட்டுக்குள் வந்தால் உன் கண் வேறு. தட்டில் ஆயிரம் புழு நெளிந்துகொண்டிருக்கும், அதில் உடம்பு ஊதி மினுமினுப்பாக இருக்கும் ஒன்றை விரலால் தூக்கி, "இதுக்குப் பால் நோய் வந்துருச்சுப்பா, எடுத்துருங்க" என்பாய். எனக்கு மறுநாள்தான் தெரியும், நீ சொன்னது சரி என்று. ஊசி ஈ பெரிய புழுவின் மேலேயே முட்டை வைக்கிறதே, சின்னப் புழுவை ஏன் விட்டுவிடுகிறது என்று கேட்டுக் கேட்டு என் உயிரை எடுத்துவிட்டாய். "அந்த ஈகிட்டயே போய்க் கேளு" என்று சொல்லிவிட்டேன். அந்த மாதிரி கேள்வி கேட்கிற பிள்ளைக்காகத்தான் அந்தப் படிப்பையே வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் உன் மார்க் ஒன்றும் மோசமில்லை. பெருமையடிக்கிற மாதிரியும் இல்லை. விவசாயப் பல்கலைக்கழகத்துக்குப் போட்டாய், ரேங்க் வந்தது. அந்த ரேங்க்குக்கு எந்தப் படிப்பு வரை எட்டும் என்று நீயே போன வருஷத்து நிலவரத்தைப் பார்த்து வைத்திருந்தாய். எல்லோரும் முட்டி மோதுகிற அக்ரி கிடைக்காது, தோட்டக்கலை கிடைத்தாலும் கிடைக்கலாம், பட்டுப்புழு வளர்ப்பு என்றால் நிச்சயம் என்று சொன்னாய். "ஒரே யுனிவர்சிட்டிதாம்பா. கவர்மெண்டு சீட்டுதான். அக்ரிக்கு எல்லாரும் போறதால அங்க நெரிசல். இதுக்கு ஆளே வர்றதில்ல, எனக்கு இதுதான் புடிச்சிருக்கு" என்றாய். எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறாய். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதும் கிடைக்காததும் மார்க்கில் மட்டும் இல்லை, எந்தப் படிப்பைக் கேட்கிறோம் என்பதிலும் இருக்கிறது என்பதை ஒரு பதினேழு வயதுப் பெண் எனக்குப் புரியவைத்தாள். நான் தலையாட்டிவிட்டு உன்னோடு காரிமங்கலத்துக்குப் புறப்பட்டேன்.

அந்த பிரவுசிங் சென்டரை நீ மறந்திருக்க மாட்டாய். மூன்று கம்ப்யூட்டர், முப்பது பெற்றோர். நம் முறை வந்து, நீ நாற்காலியில் உட்கார்ந்து, கடையை நடத்துகிற அந்தத் தம்பி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். மேலே அக்ரி, அதற்குக் கீழே தோட்டக்கலை, கடைசியில் பட்டுப்புழு வளர்ப்பு. அப்போதுதான் தோளில் ஒரு கை விழுந்தது. நம் கிணற்றுக்கு மேற்கே தென்னந்தோப்பு வைத்திருக்கிற மாதையன் அண்ணன். அவர் பையனுக்கு அக்ரி உறுதி என்று ஊரெல்லாம் தெரியும். "என்னப்பா, பாப்பாவுக்கு என்னா கோர்ஸு போடற?" என்று கேட்டார். கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் இருக்கிறது. நான் என் உடம்பை நகர்த்தி அவருக்கும் திரைக்கும் நடுவில் நின்றுகொண்டு, "அக்ரிங்கண்ணா" என்றேன். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வைக்கு நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரில் ஒட்டியிருந்த ஜெராக்ஸ் விலையைப் பார்த்தேன்.

அவர் போன பிறகு குனிந்து உன் காதில் சொன்னேன், கடைசியில் இருக்கிறதை வரிசையிலிருந்து எடுத்துவிடு என்று. ஏன் என்று கேட்டாய். அதற்கு நான் சொன்ன காரணம் உனக்கு ஞாபகம் இருக்கும். "கூடு மார்க்கெட்ல நம்ம மனசுல இருக்கற கொறஞ்ச வெலய வெளிய சொல்லுவமா? சொன்னா அதத்தான குடுப்பான். கீழ இருக்கறதக் காட்டாத, மேல இருக்கறதக் குடுப்பாங்க." பெரிய புத்திசாலி மாதிரி சொன்னேன். கூடு ஏலத்தில் அது சரிதான். வாங்குகிறவன் முகத்தைப் பார்த்து, நம் முகத்தைக் காட்டாமல் நிற்பதுதான் அங்கே திறமை. விலை பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கூட்டைத் திருப்பி எடுத்துவந்தால், சில நாளில் உள்ளே இருக்கிற பூச்சி ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடும், அப்புறம் அது வெறும் பஞ்சு. ஏலத்தின் அந்தப் பாதியை மட்டும் எனக்கு வசதியாக மறந்துபோனது. கடைத்தம்பி என்னமோ சொல்ல வாயெடுத்தார், நான் அவரை ஒரு முறை முறைத்தேன், அடங்கிவிட்டார். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு நீயே உன் கையால் அதை எடுத்தாய். உறுதிப்படுத்துகிற நம்பர் என் போனுக்குத்தான் வந்தது. சத்தமாகப் படித்துச் சொன்னேன்.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். அக்ரி போனது, தோட்டக்கலை உன் ரேங்க் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் முடிந்துபோனது. உன் பெயருக்கு எதிரே ஒன்றுமே இல்லை. பட்டுப்புழு வளர்ப்பு உனக்கு எவ்வளவோ பின்னால் இருந்தவர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. அதை நீ என்னிடம் காட்டவில்லை, நானாகத் தெரிந்துகொண்டேன். அந்த மாதக் கடைசியில் கடைத்தம்பியைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஒன்றும் தெரியாதவன் மாதிரி கேட்டேன். "கடைசில போட்டு வெச்சிருந்தாலும் மேல இருக்கறது கெடாதுங்க. மேல கெடைக்காதவங்களுக்குத்தான் கீழ வரும். அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்க மொறச்சீங்க" என்றார். பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்கும் ஏறாமல் அங்கேயே நின்றேன். இவ்வளவு எளிய விஷயத்தை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை, முறைப்பதற்கு மட்டும் கண் வந்தது.

இதுவரைக்கும் உனக்குத் தெரிந்த கதைதான். நீ என்னை முட்டாள் என்று நினைத்து மன்னித்திருப்பாய், அப்பாவுக்கு விவரம் தெரியவில்லை என்று. அந்த மன்னிப்புக்கு நான் யோக்கியன் இல்லை. ஏலத்துக் கணக்கு நான் அந்த நிமிஷத்தில் கட்டிய கதை. மாதையன் அண்ணன் வராமல் இருந்திருந்தால் அது என் தலைக்குள் வந்தே இருக்காது. மகளையும் பூச்சி வளர்க்கத்தான் படிக்கவைக்கிறான் என்று அவர் போய்ச் சொல்லிவிடுவாரோ என்று கூசிப்போய்தான் அதை எடுக்கச் சொன்னேன். உன்னை வளர்த்த தொழிலை, நீ ஆசைப்பட்ட தொழிலை, ஒரு மனிதர் தோளில் கைவைத்துக் கேட்ட ஒரே கேள்விக்காக மறைத்தேன். தெரியாமல் செய்த தப்பு என்றால் எழுதியிருக்கவே மாட்டேன். தெரிந்துதான் கூசினேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. பங்குத் திருவிழாவில், கல்யாண வீட்டில், கடத்தூரில் உன் பெரியம்மா வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், யார் கேட்டாலும் ஒரே பதில் சொன்னேன். "ரெண்டு மார்க்ல போயிருச்சுங்க. இன்னும் கொஞ்சம் நல்லா எழுதியிருந்தா கவர்மெண்டு காலேஜு." நீ பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாய். ஒருதரம்கூட நீ மறுத்துப் பேசவில்லை. கிரகப்பிரவேசத்தில் உன் பெரியப்பா, படிக்கிற வயதில் போனையே நோண்டிக்கொண்டிருந்தால் இப்படித்தான் என்று உனக்குப் புத்தி சொன்னார். நீ இலையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க பெரியப்பா" என்றாய். அதற்கு நான் பக்கத்து இலையில் உட்கார்ந்து பாயசம் குடித்தேன். என் தப்பை உன் மார்க்கின் மேல் ஏற்றிவிட்டு, நீ அதைத் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பார்த்துக்கொண்டே ஒரு அப்பன் பாயசம் குடித்திருக்கிறான். இப்போது பாயசம் வைத்தாலே எனக்கு வேண்டியிருப்பதில்லை. சர்க்கரை வந்துவிட்டதோ என்று உன் அம்மா டெஸ்ட் எடுக்கச் சொன்னாள்.

கிருஷ்ணகிரிப் பக்கம் தனியார் காலேஜில் கம்ப்யூட்டர் சேர்ந்தாய், படித்தாய், வேலையும் வாங்கினாய். யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் காலேஜுக்குப் போன நாளிலிருந்து நீ ஷெட்டுக்குள் வரவே இல்லை. கிறிஸ்துமஸுக்கு வருவாய், அம்மாவோடு குடில் கட்டுவாய், ஷெட்டு வாசல் வரை வந்து எனக்குக் காப்பி நீட்டுவாய். உள்ளே வா என்றால், செருப்பு கழற்றணும், கால் கழுவணும், சோம்பலா இருக்குப்பா என்பாய். சின்ன வயதில் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கால் நனைத்துவிட்டு முதல் ஆளாக உள்ளே ஓடுகிற பெண் நீ. நான் இதைக் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்காதே. ஒவ்வொரு வருஷமும் கவனித்தேன். கேட்டால் நீ காரணத்தைச் சொல்லிவிடுவாய் என்று பயந்து கேட்காமலே விட்டேன். அதனால்தான் அன்றைக்கு நீ ஷெட்டில் பாதி கேட்டபோது, அந்தக் கேள்வியின் கனம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அத்தனை வருஷம் வாசலிலேயே நின்ற பிள்ளை உள்ளே வரட்டுமா என்று கேட்கிறது. நான் தழை வெட்டணும் என்கிறேன்.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் அப்பன் புத்தி சும்மா இருக்காது, ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறந்து, அதுவும் ஒருநாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எந்தப் படிப்பைக் கேட்கலாம் என்று வரிசை போடும். அப்போது நீ வெளியே போய் ஒரு டீ குடி. இரண்டு டீகூடக் குடி. சந்தேகம் கேட்டால் விவரம் தெரிந்தவரிடம் கூட்டிக்கொண்டு போ. வரிசையில் கீழே இருப்பதால் ஒரு படிப்பு கீழானதாகிவிடாது. கூட்டம் குறைவாக இருக்கிற கதவும் அதே வீட்டுக்குத்தான் போகிறது. இதைக் கற்றுக்கொள்வதற்கு நான் கட்டிய ஃபீஸ் உன்னுடையது.

சரி, இப்போது நடந்ததைச் சொல்கிறேன். நேற்று காரிமங்கலம் சந்தைக்குப் போனேன். மாதையன் அண்ணன் ஒரு தக்காளிக் கூடை முன்னால் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் வழக்கம்போல அந்தப் பக்கச் சந்தில் நுழைந்துவிடலாம் என்று கால் திரும்பியது. திருப்பிக்கொண்டு வந்தேன். அவர்தான் முதலில் கேட்டார், பாப்பா பெங்களூரில்தானே இருக்கிறது, கம்ப்யூட்டர் வேலைதானே என்று. எனக்குக் காது சூடாகிவிட்டது. கைப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன். "வேலய வுட்டுட்டு வர்றேங்குதுங்கண்ணா. நம்ம ஷெட்டுல பாதி கேக்குது, பூச்சி வளக்க" என்றேன். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன், "அன்னிக்கு மார்க்கு பத்தலன்னு எல்லாருகிட்டயும் சொன்னேனே, அது பொய்ங்கண்ணா. அதுக்கு சீட்டு கெடச்சிருக்கும். பூச்சிப் படிப்புன்னு சொல்றதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு நாந்தான் அத வரிசைலருந்து எடுக்கச் சொல்லிட்டேன்."

அவர் ஒரு தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எப்ப சொன்ன?" என்றார்.

அவருக்கு ஞாபகமே இல்லை கண்ணு. பிரவுசிங் சென்டர் ஞாபகம் இல்லை, என் தோளில் கை வைத்தது ஞாபகம் இல்லை, நான் என்ன பதில் சொன்னேன் என்பது ஞாபகம் இல்லை. நான் விளக்கினேன். "ஓ" என்றார். "வளக்கட்டுமே, நல்ல தொழில்தான். எம் பையனும் அக்ரி படிச்சுப்புட்டு பேங்குலதான ஒக்காந்திருக்கறான்" என்றார். பிறகு கூடைக்காரியிடம் திரும்பி, "இந்தத் தக்காளி என்னாம்மா வெல, இவ்ளோ அழுவலா இருக்குது" என்று கேட்டார். அவ்வளவுதான். இந்த மனிதர் என்ன நினைப்பாரோ என்றுதான் உன் படிப்பைக் கொடுத்தேன், உன் மார்க்கைக் கொடுத்தேன், நீ ஷெட்டுக்குள் ஓடிவருகிற அந்தக் காலடியைக் கொடுத்தேன். அவர் எதையும் வாங்கிக்கொள்ளவே இல்லை. அந்தப் பொழுது சாயும்வரை நினைத்துவிடக்கூட அவருக்கு நேரம் இருந்திருக்காது. நான் வாங்க வந்ததை வாங்காமல் வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன். உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அந்த வெறும் பையை வாங்கி ஆணியில் மாட்டினாள். அப்புறம், "அவர்கிட்ட சொன்னதுல பாதியாவது அவகிட்ட சொல்லுங்க" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

பெரியப்பாவிடமும் சொல்லியாக வேண்டும். இந்த ஞாயிறு கடத்தூருக்குப் போகிறேன். அவர் உன் அம்மா முன்னாலேயே என்னை நாலு வார்த்தை கேட்பார், கேட்கட்டும். உனக்குச் சொன்ன புத்தியில் கொஞ்சத்தை எனக்கும் சொல்லட்டும்.

பயத்தையும் சொல்லிவிடுகிறேன். இதில் கஷ்டம் உண்டு. நல்ல வெயிலில் ஒரு பேட்ச் மொத்தமாகப் படுத்துவிடும், கூட்டின் விலை ஒரு வாரம் போல இன்னொரு வாரம் இருக்காது, இரவும் பகலும் தழை போட வேண்டும், கையெல்லாம் பச்சை வாடை. உனக்கு மாதாமாதம் சம்பளம் வந்து பழகிவிட்டது. கல்யாணப் பேச்சு வந்தால் மாப்பிள்ளை வீட்டார் ஏதாவது கேட்பார்கள். இதெல்லாம் நீ யோசிக்காமல் கேட்டிருக்க மாட்டாய். வேலையை உடனே விடாமல் லீவு போட்டுவிட்டு வந்து ஒரு பேட்ச் பார்த்துவிட்டு முடிவு செய்தாலும் சரி. என் கடிதத்தைப் படித்து மனம் இளகி வந்துவிடாதே. எனக்குப் பரிகாரம் தேடிக் கொடுப்பது உன் வேலை இல்லை. உனக்கு வேண்டும் என்றால் மட்டும் வா. வராவிட்டாலும் நான் ஊருக்குச் சொன்னது சொன்னதுதான், அதைத் திரும்ப எடுக்க மாட்டேன்.

ஷெட்டில் கிழக்குப் பாதியைக் காலி செய்துவிட்டேன். அந்தப் பக்கம்தான் காற்று நன்றாக வரும். பழைய ஸ்டாண்டுகளைக் கழுவிக் காயவைத்து, உன் அம்மா சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறாள். நடுவில் வலை கட்டிப் பிரித்திருக்கிறேன், என் பக்கத்து நோய் உன் பக்கம் வராமல் இருக்க. உன் பாதியில் எந்தப் பூச்சிக்கு என்ன வந்தாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன், நீயாகக் கூப்பிட்டால்தான் வருவேன். இந்த வாக்கை எத்தனை நாள் காப்பாற்றுவேன் என்று உன் அம்மா இப்போதே சிரிக்கிறாள்.

கூடு மார்க்கெட்டில் மனதில் இருக்கிறதை வெளியே சொல்லக்கூடாது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். வீட்டிலும் அதையே செய்து செய்து உனக்கு ஒன்றுமே தெரியாமல் போய்விட்டது. ஒரு தடவையாவது மறைக்காமல் சொல்கிறேன். கேட்டாயே, ஷெட்டில் பாதி தருவீர்களா என்று. தருகிறேன். நீ வரவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது, கண்ணு. அன்றைக்கு போனிலேயே சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

தழை வெட்டி முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்,
உன் அப்பா